லயத்துச் சுவர் கூறும் சரித்திரம்

கண்டி மாநகரையடுத்த ஹந்தானை மலையில் நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று கம்பீரமாகக் காட்சியளிக்கின்றது. 1925ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடம் 2001 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. கொழுந்தை அரைத்த இயந்திரங்களை அங்கே காணலாம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் காணலாம். ஆனால், அக்கொழுந்தைக் கிள்ளிய கைகள் இரவில் எங்கே இளைப்பாறின?

விடை காண விழைவோர் கம்பளைக்குச் செல்லுதல் வேண்டும். அதன் அருகிலேதான் 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருந்தோட்டமாக உருக்கொண்டது. அதற்கெனத் தமிழகத்திலிருந்து வந்த ஏழை மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகவே நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோருக்குக் கிடைத்த உறைவிடமே லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகள். ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி கொண்ட ஓர் அறையே ஒரு குடும்பத்தின் உலகம். சமையலும் பிரசவமும் மரணமும் அங்கேதான்.

கம்பளைப் பகுதியிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில் அத்தகைய பழைய லயமொன்று, 2007ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக்கப்பட்டது. தொழிற்கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் பத்திரங்களும் அங்கே பேணப்படுகின்றன.

"அவமானச் சின்னத்தைப் பாதுகாப்பானேன்?" என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. இன்றும் பல குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. அவர்கள் அனைவரும் சொந்தக் காணியில் சொந்த வீடு கட்டிக் குடியேறுதல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும், லயங்கள் யாவும் மறைந்தபின், இம்மக்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சி யார்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைப் பிரஜாவுரிமையற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஏட்டில் உரிமை மறுக்கப்பட்டோருக்கு, இம்மண்ணில் அவர்கள் வாழ்ந்ததற்கு அத்தாட்சி இச்சுவர்களே.

மாணவச் செல்வங்களே! கண்டிக்குச் சுற்றுலாச் செல்லும்போது தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு களியுங்கள். ஹந்தானையில் இயந்திரங்களையும் பாருங்கள். ஆனால் கம்பளைக்கும் சென்று, அந்தச் சிற்றறையின் வாசலில் ஒரு கணம் நில்லுங்கள். அங்கே குனிந்து நுழையும் தலை, அவ்வறையில் வாழ்ந்தோருக்குச் செலுத்தும் வணக்கமாகட்டும்.