யாழைத் தொலைத்தவர்களின் வாரிசுகள்

பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பத்தர், கோடு, திவவு, மாடகம் என்று அதன் உறுப்புகளின் பெயர்களும் நூல்களில் பத்திரமாக இருக்கின்றன. மாநாட்டு மலரின் அட்டையில் யாழின் படத்தைப் போட நமக்கு அலுப்பதே இல்லை. அதை மடியில் வைத்து மீட்டத் தெரிந்த பத்துப் பேரைக் காட்டுங்கள் என்றால் விழிக்கிறோம்.

யாழ் ஏன் போனது என்று யாராவது கேட்டால் கருவியின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறோம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்; வீணையிலோ மெட்டின் மேல் தந்தியை இழுத்தே கமகம் காட்டலாம்; அதனால் வீணை வென்றது என்போம். இதில் உண்மை உண்டு. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போனதும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே உடைக்க ஓங்கினார் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் தடுத்து வாங்கினார். பிற்காலத்தில் தடுக்க ஆளில்லை.

ஆனால் பர்மாவில், வளைந்த தண்டும் தோல் போர்த்த பத்தருமாக, யாழுக்கு உறவு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற ‘சௌங்’ இன்றும் வாசிக்கப்படுகிறது. அதற்கும் வீணையின் வசதிகள் கிடையாது. அவர்கள் விடவில்லை, அவ்வளவுதான்.

நாம் விட்டது கருவியை மட்டுமல்ல, அதைத் தொட்ட கைகளையும். ஒரு காலத்தில் பொற்றாமரை சூட்டி அனுப்பிய பாணர்களைப் பின்னாளில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். காவிரிக் கரையில் அரங்கனைப் பாடித் தன்னை மறந்து நின்ற திருப்பாணாழ்வார், வழிவிடவில்லை என்று கல்லடி பட்ட கதை வைணவ குருபரம்பரையிலேயே இருக்கிறது. நமக்குப் பிடித்தது கதையின் பிற்பாதி: கல்லெறிந்த லோகசாரங்க முனிவரே அவரைத் தோளில் சுமந்து சன்னதிக்குப் போனது. தோளேறியவர் ஒருவர். மற்ற பாணர்களின் பிள்ளைகள் யாழைக் கீழே வைத்துவிட்டு என்ன தொழிலுக்குப் போனார்கள் என்று நாம் விசாரிக்கவே இல்லை.

மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் சுருதிக் கணக்குப் போட்டு, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் யாழ் நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். அவர் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். நூலைப் பிரித்தவர்களிலும் பெரும்பாலோர் கணக்கு வரும் பக்கத்தோடு மூடிவிடுகிறோம். அண்மையில் சில இளைஞர்கள் மரத்தில் யாழைக் குடைந்து, நரம்பு பூட்டி, வாசித்தும் காட்டினார்கள். காணொளியைப் பகிர்ந்தோம். விலை கேட்டவர்கள் சிலர்; வாங்கியவர்கள் அதிலும் சிலர்.

சரி, யாழ் பழங்கதை. அதில் நம் பங்கு குறைவு என்றே வைத்துக்கொள்வோம். தம்புரா நம் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறதே! பலாமரக் குடம், நான்கு தந்தி. ப, ஸ, ஸ, கீழ் ஸ. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு சிறு நூலை நகர்த்தி நகர்த்தி, அந்த ரீங்காரம் பிறக்கும் இடத்தைக் காது கண்டுபிடிக்க வேண்டும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டுப் படிக்கும் பிள்ளை முதலில் கற்கவேண்டிய கேள்வி ஞானம் இதுதான் என்பேன். நாமோ முதல் நாளே கைபேசியில் செயலியை இறக்கிக் கொடுக்கிறோம். ரயிலில் தூக்கிப் போவது சிரமம், மழைக்காலத்தில் சுருதி நிற்காது என்று காரணங்கள் சொல்கிறோம். எல்லாம் நியாயமானவையே, யாழை விட்டவர்களிடமும் இப்படி நியாயமான காரணங்கள் இருந்திருக்கும்.

இன்னமும் சில மேடைகளில் பாடகருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் விரல் ஓயாமல் தம்புரா போடுகிறார். பெரும்பாலும் சீடப்பிள்ளை. தனியாவர்த்தனம் வந்தால் மிருதங்கத்துக்குக் கைதட்டுகிறோம். அவர் பக்கம் தலைகூடத் திரும்புவதில்லை. அழைப்பிதழில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர் அச்சிடுகிறோம். தம்புரா என்ற வரி அநேகமாக இருக்காது. ஒலிபெருக்கி அமைப்பவரின் பெயர்கூட அடியில் வந்துவிடுகிறது.