இழுப்பதும் தள்ளுவதும்

ரயில் என்றால் இஞ்சின் முன்னால் நின்று இழுக்க வேண்டும், பெட்டிகள் பின்னால் போக வேண்டும் என்பதே வெகுகாலமாய் வழக்கமாயிருந்து வருகிறது. கடைசி ஸ்டேஷனை அடைந்ததும் இஞ்சினைக் கழற்றி, வேறு தண்டவாளத்தின் வழியாய் மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டுவார்கள். அல்லது வேறோர் இஞ்சினைத் தேடுவார்கள். செங்குத்தான மலையானால் பின்னிருந்து தள்ளத் தனி இஞ்சின் மாட்டி, ஏறினபின் கழற்றுவார்கள்.

இது எதற்காக இப்படியே இருக்கவேண்டும் என்று சிலர் யோசித்தார்கள். இரு முனையிலும் ஒவ்வோர் இஞ்சினை வைத்து, முன்னாலுள்ள டிரைவரே இரண்டையும் நடத்தும்படி செய்தார்கள். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். திரும்பும்போது டிரைவர் மறுமுனைக்குப் போனால் போதும். இங்கிலாந்தில் 1976-லேயே ‘இன்டர்சிட்டி 125’ என்னும் வண்டி இப்படி ஓடிற்று. நம் நாட்டில் மும்பையிலிருந்து நாசிக் வழியாய் டில்லி போகும் ராஜதானிக்கு 2019-ல் இம்முறை வந்தது. 37 அடிக்கு ஓரடி ஏறும் கசாரா மலையில் அதற்குத் தனித் தள்ளு இஞ்சின் வேண்டாததாயிற்று.

தோழர்களே! “பாட்டன் காலத்து வழக்கம், மாற்றினால் தோஷம்” என்று ரயில்வேக்காரர் சொன்னார்களா? பஞ்சாங்கம் பார்த்தா பின்னால் இஞ்சின் மாட்டினார்கள்? கணக்குப் பார்த்தார்கள், சோதித்தார்கள், மாற்றினார்கள். ராகுகாலத்தில் புறப்படும் வண்டியிலும் தடையின்றி ஏறிப் போகிறவர்கள், வீட்டுக் கல்யாணத்திலும் ஜாதியிலும் மட்டும் பழைய வழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று கேட்கின்றோம்.

நிற்க, மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். குளிர்சாதன ராஜதானிக்கு 2019-ல் கிடைத்த இவ்வசதி, குளிர்சாதனமில்லாத அம்ரித் பாரத் வண்டிக்கு வந்தது 2023 டிசம்பர் 30-ல். அதன் பெட்டிகள் நமது பெரம்பூர் தொழிற்சாலையில் தொழிலாளத் தோழர்கள் கட்டியவை. அப்போது 22 பெட்டிகளில் 8 முன்பதிவில்லாதவையாயிருந்தன. இதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் வேறு பல வண்டிகளில் அப்படிப்பட்ட பெட்டிகள் நாலுக்கு மேல் இல்லை. கூலி வேலை தேடிப் போகும் ஏழை, பிள்ளை குட்டிகளோடு கக்கூஸ் வாசலில் நின்றுகொண்டே இரவெல்லாம் பிரயாணம் செய்கிறான். அங்கே இழுப்பதும் தள்ளுவதும் இஞ்சின் அல்ல, ஜனங்களே!

அறிவின் பயன் பணக்காரனுக்கு முதலிலும் பாட்டாளிக்குக் கடைசியிலும் போவது என்பதும் ஒரு பழைய வழக்கந்தான். இஞ்சினைப் பற்றிய வழக்கத்தை மாற்றினவர்கள் இதையும் மாற்றட்டும். எல்லா நெடுந்தூர வண்டிகளிலும் ஏழைகளின் பெட்டிகளைப் பெருக்க வேண்டும். இது பிச்சையல்ல, காசு கொடுத்து டிக்கட் வாங்கினவனின் உரிமையாகும்.