இழப்பீடு போதாது, ஓய்வு உரிமையாக வேண்டும்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கவும் வழி செய்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிர் குடிக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட வகையில் அது பாராட்டத்தக்க முடிவு. ஆனால், அந்த உதவி சாவுக்குப் பிறகே வருகிறது. சாவைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பே அவசரத் தேவை.

மனித உடல் தன் வெப்பநிலையை 37 டிகிரி செல்சியஸ் அளவில் காத்துக்கொள்ளப் பெரிதும் வியர்வையை நம்பியிருக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அதனால் உடலும் தணிவதில்லை. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவை பழுதாகத் தொடங்குகின்றன. பகலில் இப்படி வதங்கிய உடல் இரவில் தேற வேண்டும். தகரக் கூரையின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் வாழ்பவர்களுக்கு அந்த இரவும் வாய்ப்பதில்லை.

வெயில் எல்லோருக்கும் பொதுவானது; அதன் பாதிப்பு அப்படியல்ல. குளிரூட்டிய அறையில் வேலை செய்பவருக்குக் கத்திரி வெயில் ஓர் அசௌகரியம். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கட்டுமான இடத்திலும் உழைப்பவருக்கு அது நோய். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது அவர்களின் சிறுநீரகச் சுமையைக் கூட்டுகிறது. கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பதை, தமிழ்நாட்டில் 800 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

நண்பகலில் வெளியே செல்ல வேண்டாம் என்று ஒவ்வொரு கோடையிலும் அறிவுறுத்தப்படுகிறது. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு அந்த அறிவுரையால் பயனில்லை. வேலையை நிறுத்தினால் கூலி போகும். தொடர்ந்தால் உடல் போகும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தொழிலாளியைத் தள்ளுவது அநீதி.

பாதிப்பின் உண்மையான அளவும் மறைந்தே கிடக்கிறது. வெப்பத்தால் நேர்ந்த மரணம் பல நேரங்களில் மாரடைப்பு என்றே பதிவாகிறது. அகமதாபாத்தில் 2010 மே மாத இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டபோதுதான், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தது தெரியவந்தது. அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர் ஏற்பாடு ஆகியவை அதன் அடிப்படை.

சட்டத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வளைகுடா நாடுகளே சான்று. தமிழர்கள் பலர் கூலிக்குச் செல்லும் கத்தாரில், 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய தமிழ்நாட்டுக்கு, அடுத்த அடி எடுத்துவைப்பது கடினமல்ல. கோடையில் வேலை நேரத்தை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்ற வேண்டும். நண்பகல் ஓய்வுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. நிழல், குடிநீர், கழிப்பறை ஆகியவை முதலாளியின் கடமையாக வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூலி இழப்பில்லாத விடுப்போ மாற்று வேலையோ தரப்பட வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் இந்தப் பாதுகாப்பு விட்டுவிடக் கூடாது. கோடை மாத இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வெயிலைப் பேரிடர் என்று ஏற்ற அரசு, அதில் உழைப்பவரின் ஓய்வை உரிமை என்றும் ஏற்க வேண்டும். அடுத்த கோடைக்கு முன் அதற்கான சட்டம் வரட்டும்.