வண்டி கழுவும் யந்திரமும் கம்பளையின் தண்ணீரும்

கம்பளையிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் பணியாற்றி, இவ்வாண்டு ஓய்வு பெறப் போகிறவர். அவருடைய மூத்த மகன் மோட்டார்த் தொழில் பயின்று தேறியவன். தந்தையின் சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு, நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியின் ஓரத்தில் வாகனங்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றைத் தொடங்குவதென்று குடும்பத்தார் தீர்மானித்திருக்கின்றனர். மகனுக்கு எல்லாவற்றையும் தானே செய்யும் யந்திரத்தின் மீது மோகம். தந்தைக்கோ அச்சம். "அதிகம் பழுது பார்க்க வேண்டாத, நம்பத்தக்க தானியங்கிக் கருவி எது என்று கூறுவீர்களா?" என்பது அவருடைய கேள்வி.

சேமலாப நிதி என்பது ஒரு மனிதனின் உழைப்பு முழுவதும் ஒருமுறை மட்டும் பணமாகி வருவது. அது போனால் மறுபடி வராது. ஆகவே இக்கேள்விக்கு விற்பனையாளரின் விளம்பரத் தாளைப் பார்த்து விடை கூறிவிட முடியாது.

முதலில் மகனின் ஆசையைப் பார்ப்போம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் சுழலும் தூரிகைகள் முன்னும் பின்னும் நகர்ந்து கழுவிவிடும் யந்திரம் ஜெர்மனியில் பிறந்தது. ஆக்ஸ்பர்க் நகரத்துக் கெப்ஹார்ட் வைகெலே, யொகான் சுல்ஸ்பெர்கர் ஆகிய இருவர் 1962ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினர். அந்நாட்டின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கூலி அதிகம். வருவன பெரும்பாலும் ஒரே உருவமுள்ள கார்கள். மின்சாரம் தடைப்படுவது அருமை. யந்திரத்தைச் செய்தவனே பக்கத்து ஊரில் இருக்கிறான். அவ்விடத்துக்கு அது மிகப் பொருத்தமான யந்திரமே.

கம்பளை வீதியில் வருவன எவை? முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், மரக்கறி ஏற்றும் சிறு லொறி, பாடசாலைப் பிள்ளைகளின் வான், தோட்டத்து டிரக்டர், இடையிடையே கார்கள். ரெக்சின் கூரை போட்ட முச்சக்கர வண்டியைச் சுழலும் தூரிகைக்குள் விட்டால் கூரை எங்கே போய் விழுமோ, நாம் அறியோம்! அன்றியும் தோட்டத்துச் சாலைகளின் செம்மண் சேறு காய்ந்து ஒட்டினால் உப்புத்தாள் போன்றது. அதைத் தண்ணீரின் விசையால் முன்னதாகவே அகற்றாமல் தூரிகை தொட்டால், தூரிகையின் நார்களில் மணல் சிக்கி, அடுத்து வரும் வண்டியின் வர்ணத்தையும் கீறிவிடும். ஒரே அளவான பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் டிப்போவுக்கு அது தகும். தனியொரு குடும்பத்தின் வீதியோரத் தொழிலுக்குத் தகாது என்பதே நம் துணிபு.

இன்னொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியை நம் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை சென்றது. வெளிநாட்டுப் பொருள்களுக்கு வங்கியில் டொலர் இல்லை. அத்தகைய நாளில் தானியங்கி யந்திரத்தின் மின்னணுப் பலகையொன்று எரிந்து போனால், கடல் கடந்து மாற்றுப் பலகை வரும்வரை யந்திரம் நின்றிருக்கும். கடன் தவணை மட்டும் நில்லாது. ஆகவே நம்பத்தக்க யந்திரம் எது என்று எம்மைக் கேட்டால், தேயும் உறுப்பைக் கண்டியில் காலையில் வாங்கி, மத்தியானத்துக்குள் தம் கையாலேயே பூட்டக்கூடிய யந்திரம் என்போம். யந்திரம் தேயாமலிருக்கும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் வாங்க வேண்டியது யாது? உயர் அமுக்கப் பம்புதான் இத்தொழிலின் இதயம். ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சிறிய வீட்டுப் பம்பை வாங்கித் தொழிலில் போடுவோர் பலர். விலை குறைவு, பார்வைக்கு அழகு, சத்தமோ காதைத் துளைக்கும். அச்சத்தம் பெரும்பாலும் கரித்துண்டுகள் பூட்டிய சிறு மோட்டாரின் சத்தம். வாரத்துக்கு ஒரு கார் கழுவச் செய்யப்பட்டதை நாளொன்றுக்கு 20 வண்டிக்குப் பயன்படுத்தினால் சில மாதங்களில் கரித்துண்டு தேய்ந்து, சுருள் கருகி, கதை முடிந்துவிடும்.

தொழிலுக்கு வேண்டியது மூன்று உந்துதண்டுகள் உள்ள பம்பு. தண்டுகள் பீங்கானால் ஆனவையாகவும், தலைப்பாகம் பித்தளையாகவும் இருத்தல் நலம். அலுமினியத் தலை, காரமான சோப்பு நீரில் அரிக்கப்படும். அதைச் சுழற்றும் மோட்டார், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 சுற்றுச் சுற்றுவதா, 2,900 சுற்றுச் சுற்றுவதா என்று அதன் தகட்டைப் பார்த்து அறியவேண்டும். இரண்டும் ஒரே அளவு தண்ணீர் தரும் என்று விற்பனையாளர் கூறுவார். அது மெய்தான். ஆனால் மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு 2 மணி நேரம் தண்ணீர் அடித்தால், 300 நாளில் 600 மணி நேரம். மெதுவான மோட்டாருடன் நேராகப் பூட்டிய பம்பின் தண்டு ஒவ்வொன்றும் ஓராண்டில் 5 கோடியே 22 லட்சம் முறை சென்று மீளும். வேகமானது 10 கோடியே 44 லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் சீல் வளையத்தோடு உராய்வுதான். மெதுவான யந்திரம் கனமானது, விலையும் கூடியது. அந்த அதிக விலையைக் கொடுத்துவிடலாம்.

எவ்வளவு பெரிய பம்பு? நிமிடத்துக்கு 15 லீற்றர், அமுக்கம் 150 பார் போதும். இவ்விரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் தண்ணீருக்கு வேண்டிய வலு கிலோவாட்டில் வரும்: 3.75. பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 5.5 கிலோவாட், அதாவது ஏறக்குறைய ஏழரைக் குதிரைவலு மோட்டார் வேண்டும். இதற்கு மூன்று கட்ட மின்சாரம் தேவை. மின் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுப்பதை யந்திரம் வாங்குவதற்கு முன்னரே செய்துவிடுதல் நன்று. யந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மின்கம்பியை எதிர்பார்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்போரும் உளர்.

ஒரு பெரிய பம்பு வாங்கும் பணத்தில் இரண்டு நடுத்தரப் பம்புகள் வாங்க முடியுமானால் இரண்டையே வாங்கவேண்டும். இரண்டும் ஒரே கம்பனியின் ஒரே மாதிரியாக இருக்கவேண்டும். ஒன்று படுத்தால் மற்றது உழைக்கும். ஒரு பெட்டிச் சீல் வளையங்கள் இரண்டுக்கும் உதவும்.

இனித் தண்ணீரைப் பற்றிக் கூறவேண்டும். இவ்விடத்தில் சற்று விரிவாகவே பேசுகிறோம், ஏனெனில் பம்புகள் சாவதற்குப் பெருங்காரணம் இதுவே. மலைநாட்டின் பீலி நீர் பொதுவாக மென்மையானது. கடின நீரைப் போலச் சுண்ணாம்புப் படிவு ஏற்படுத்தாது. ஆனால் தென்மேற்குப் பருவ மழை கொட்டிய மறுநாள் ஓடையும் கிணறும் கலங்கிச் செந்நிறமாகிவிடும். அந்நீரிலுள்ள நுண்மணல் சீலுக்கும் தண்டுக்குமிடையே புகுந்து அரைக்கும். எனவே தண்ணீரை முதலில் ஒரு தொட்டியில் தேக்கி மண்டி படியவிட்டு, மேல் நீரை மணல் வடிகட்டி வழியாக இரண்டாம் தொட்டிக்கு அனுப்பவேண்டும். வண்டிக்கு 6 நிமிடம் அடித்தால் 90 லீற்றர். 20 வண்டிக்கு 1,800 லீற்றர். ஆகவே இரண்டாம் தொட்டி 2,000 லீற்றருக்குக் குறையலாகாது.

தொட்டி உயரத்திலும் பம்பு தாழ்விலும் இருக்கட்டும். தண்ணீர் தானாகவே பம்புக்குள் இறங்க வேண்டும். பம்பு சிரமப்பட்டு உறிஞ்சுமானால் உள்ளே நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்து, பித்தளையையே பொத்தல் பொத்தலாக அரித்துவிடும். கூழாங்கற்களைத் தகரத்தில் குலுக்குவது போன்ற ஓசை கேட்டால் அதுதான் நோய். உறிஞ்சு குழாய் குறுகலாக இருப்பதும், வடிகட்டி அடைபட்டிருப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

மகன் மனம் வருந்த வேண்டியதில்லை. தானியங்கிக் கருவிகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. விலை குறைந்த சில சிறு தானியங்கிகள் கட்டாயம் வேண்டும். தொட்டியில் நீர் குறைந்தால் பம்பை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் ஒன்று. மூன்று கட்டங்களில் ஒன்று அறுந்தால் மோட்டாரைத் துண்டிக்கும் ரிலே ஒன்று. மோட்டார் சூடேறினால் விழும் ஓவர்லோட் ஒன்று. துப்பாக்கியின் விசையை விட்டவுடன் தண்ணீரைத் திருப்பிவிட்டு, சற்று நேரத்தில் மோட்டாரையும் நிறுத்தும் அமைப்பு ஒன்று. மின்கம்பி முடிவடையும் ஓரங்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவதுண்டு. 10 வீதம் குறைந்தால் மோட்டாரின் திருப்புவிசை 19 வீதம் குறைகிறது, மின்னோட்டம் கூடிச் சூடேறுகிறது. சுருளின் சூடு 10 பாகை கூடினால் அதன் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. இக்கருவிகளைப் பழுது பார்க்க ஊரின் எலக்ட்ரீஷியனே போதும்.

பராமரிப்பு என்று அஞ்சத்தக்கதாக ஒன்றுமில்லை. புதுப்பம்பின் ஒயிலை முதல் 50 மணி நேரத்தில் மாற்றவேண்டும். நம் கணக்கின்படி முதல் மாதத்திலேயே அது வந்துவிடும். அதன்பின் 500 மணிக்கொருமுறை, அதாவது பத்து மாதத்துக்கு ஒருமுறை. கைநூல் வேறு அளவு கூறினால் அதையே பின்பற்றுக. ஒயில் கண்ணாடியில் பால் போன்ற வெண்மை தெரிந்தால், சீல் தேய்ந்து தண்ணீர் ஒயிலுக்குள் இறங்குகிறதென்று பொருள். அன்றே நிறுத்துக. அமுக்கம் குறைந்தால் உடனே பம்பைப் பிரித்துப் போடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. முதலில் துப்பாக்கி முனையிலுள்ள நொசிலை மாற்றிப் பார்க்கவேண்டும். மணல் நீர் ஓடி ஓடி அதன் துளை அகன்றிருக்கும். சில நூறு ரூபாய்க் குற்றத்துக்குப் பம்பின் வயிற்றைக் கிழிப்பானேன்? காற்றுக் கொம்பிரசருக்கு நாளாந்த வேலை ஒன்றே: தாங்கியின் அடியில் சேரும் நீரை மாலையில் திறந்து விடுவது.

வண்டியை உயர்த்தும் ஹொயிஸ்ட் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். இரண்டு தூண் உள்ளதை வாங்கினால், அது நிற்கும் கொங்கிரீட் தளத்துக்குச் செலவு செய்யத் தயங்கலாகாது. வயலை நிரப்பிய மண்ணாயின் எஞ்சினியர் ஒருவரைக் கேட்காமல் தூண் நிறுத்த வேண்டாம். தானாக விழும் பூட்டு இல்லாத ஹொயிஸ்டின் கீழ் எந்தத் தாயின் மகனும் நிற்கக் கூடாது.

கம்பளையில் இடம் தெரிவு செய்வோர் மகாவலியையும் நினைக்கவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் கங்கை பெருகியபோது நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. ஆற்றோர நிலம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து மோட்டாரையும் சுவிட்ச் பலகையையும் தரையோடு வைக்க வேண்டாம். வெள்ளம் வந்த மட்டத்தை அயலாரிடம் கேட்டு, சுவரில் கோடிட்டு, அதற்கு மேல் மேடை கட்டி வைத்திடுக. அவ்வாறு செய்தபின் தொட்டியை அதனினும் உயர்த்தவேண்டி வரும். செலவுதான், ஆயினும் ஒருமுறைச் செலவு.

கழிவு நீரின் காரியம் ஒன்று எஞ்சியிருக்கிறது. கம்பளையைக் கடந்து செல்லும் மகாவலி பேராதனைக்குப் போகிறது. கெட்டம்பேயில் அதன் நீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கண்டி மக்களுக்குக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். நாம் கழுவிவிடும் எஞ்சின் ஒயில் சென்று சேருமிடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ், சேர்விஸ் ஸ்டேஷன் நடத்துவோர் சுற்றாடல் பாதுகாப்பு உத்தரவுப் பத்திரம் பெறவேண்டும். இதற்கு வேண்டிய கருவியில் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை, மின்சாரமும் வேண்டாம். மூன்று அறைகள் கொண்ட சிமெந்துத் தொட்டி, அவ்வளவே. முதலறையில் மணல் படியும். இரண்டாம் அறையில் ஒயில் மேலே மிதக்கும். அடியிலிருந்து நீர் எடுக்கும் வளைந்த குழாய், ஒயிலை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மூன்றாம் அறைக்கு அனுப்பும். ஆனால் சோப்பு அதிகமானால் ஒயில் நுண்துளிகளாகக் கலந்து மிதக்க மறுக்கும். ஆகையால் எஞ்சின் கழுவும் நீரையும் உடல் கழுவும் சோப்பு நீரையும் வெவ்வேறு வாய்க்காலில் விடுவது உத்தமம். மணல் அறையை வாரத்துக்கொருமுறை அள்ளவேண்டும். மழைக் காலத்தில் இருமுறை.

அன்பர் யந்திரம் வாங்கச் செல்லும்போது மகனையும் அழைத்துச் செல்லட்டும். விலை கேட்குமுன், "இப்பம்பின் சீல் பெட்டியும் நொசிலும் உம்மிடம் இப்பொழுது இருக்கின்றனவா? எடுத்துக் காட்டும்" என்று கேட்கட்டும். வரவழைத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடலாம். எடுத்துக் காட்டினால், ஒரு பெட்டியைப் பிரித்து, அதைப் பூட்டும் விதத்தைக் கடைக்காரரே மகனுக்குச் செய்துகாட்டச் சொல்லி, பம்போடு சேர்த்து இரண்டு பெட்டிகளை வாங்கி வரட்டும்.