புல்லுக்கும் ஜி.எஸ்.எம். உண்டு!

காதர்பேட்டையில் பனியன் துணி கைக்கு வந்ததும் வியாபாரியின் இரண்டு விரல்கள் அதை நெருடிப் பார்க்கும். ஜி.எஸ்.எம். எவ்வளவு என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் மேயும் மாடும் இதே வேலையைத்தான் செய்கிறது. முற்றிய தண்டை விட்டுவிட்டு இலையைத் தேடுகிறது. சத்து அதிகம் இருப்பது இலையில்தானே!

கொறங்காடு என்பது சும்மா கிடக்கும் பொட்டல் அல்ல. வானம் பார்த்த நிலத்தைச் சுற்றி முள்கிளுவை உயிர்வேலி, தரையெங்கும் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் காலங்காலமாக இங்கேதான் வளர்கின்றன. ஒரு காட்டை மேய்த்துவிட்டுப் படலைச் சாத்தி, புல் மறுபடி தழையும்வரை அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள்.

இந்தப் புல்லில் என்ன இருக்கிறது? அது எப்போது பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மழைக்குப் பின் தளதளவென்று இருக்கும்போது, ஈரத்தை நீக்கிப் பார்த்தால் புரதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பூத்து, விதை உதிர்த்து, காய்ந்துவிட்டால் அது பாதியாகக்கூடக் குறைந்துவிடும், நார்தான் கூடும்.

மாட்டின் வயிற்றில் தீவனத்தைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேலை மந்தமாகும். மாடு தின்பதும் குறையும். எதிரே புல் நிறையக் கிடந்தும் மாடு இளைப்பது இதனால்தான். வைக்கோலில் புரதம் 4 சதவீதம் அளவுக்குத்தான். அதை மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது.

கோடையில் கொறங்காட்டைக் காப்பாற்றுவது வெள்வேல மரம். புல் காய்ந்து சத்திழக்கும் சித்திரை, வைகாசியில் அதன் காய்கள் பழுத்து உதிர்கின்றன. பயறு வகைக் குடும்பத்து மரம் என்பதால் காயில் புரதம் அதிகம். ஆடு, மாடு பொறுக்கித் தின்கின்றன. செரிக்காத விதைகள் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வந்து முளைக்கின்றன. நிழலும் தீனியும் ஒரே மரத்தடியில்!

இருந்தும் ஒரு குறை. காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் சத்து குறைவு. மாடு எலும்பையோ துணியையோ மெல்லத் தொடங்கினால் 'சேட்டை' என்று விரட்டாதீர்கள். அது சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தாது உப்புக் கலவை கொடுக்கலாம். கோடையில் வைக்கோலோடு கொஞ்சம் கடலைக்கொடி சேர்ப்பதும் நல்லது.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் காங்கேயம் காளையின் படம் டி-ஷர்ட்டில்கூட வந்துவிட்டது. அதை வளர்த்த கொறங்காடுகளில் சிலவோ இன்று சைட்டுகளாகிவிட்டன. மேய்க்க வேண்டிய இளவட்டங்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் வரும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். இதுவரை புல்லும் மரமும் காசில்லாமல் கொடுத்த புரதத்தை இனி மூட்டை மூட்டையாகக் கடையில் வாங்க வேண்டும். அந்தச் செலவு தாங்காதபோது முதலில் சந்தைக்குப் போவது மாடுதான்.