வெள்ளை உடை மட்டும் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால், "அடுத்து என்ன படிப்பு?" என்னும் கேள்வி வீடுதோறும் எழுவது இயல்பு. அண்மையில் பழனிசெட்டிபட்டியில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். தாயின் வளையல்களை அடகு வைத்து, மூத்த மகளை ஓராண்டு "நர்சிங்" படிப்பில் சேர்த்திருந்தனர். அச்சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய இயலாது என்பதைப் படிப்பு முடிந்த பின்னரே அறிந்தனர். இன்று அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளர். "வேலையைக் குறை சொல்லவில்லை ஐயா, முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?" என்றார் தாய். இளையவளுக்கு என்ன வழி என்பதே இப்போது அவர்களது கவலை.

குறுகிய காலப் படிப்பு இழிவானதன்று. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்னும் முறை 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கியது. 1952 முதல் அங்கே இரண்டாண்டு செவிலியர் படிப்பும் வளர்ந்தது. இந்த "இணைப் பட்டம்" பெற்றவரும், நான்காண்டு பட்டம் பெற்றவரும் ஒரே உரிமத் தேர்வையே எழுதுகின்றனர்.

நம் நாட்டிலும் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. படிப்பை இடையில் நிறுத்தியோர், ஏழைகள், பெண்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறனையும் தொழில் திறனையும் பணியிடப் பயிற்சியோடு அளிப்பதே அவற்றின் நோக்கம். நலப்பணி உதவியாளர் பயிற்சியால் பிழைப்புத் தேடிக்கொண்டோர் உண்டு.

ஆயினும் அமெரிக்க இணைப் பட்டத்திற்குரிய தகுதி இங்குள்ள ஓராண்டுச் சான்றிதழுக்கு இல்லை. நம் மாநிலத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் மன்றம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. செவிலியராக அதில் பதிவு பெற மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ வேண்டும். ஆய்வகம், எக்ஸ்ரே, பிசியோதெரபி முதலிய பணிகளுக்கெனத் தனித் தேசிய ஆணையம் அமைக்க 2021-இல் சட்டம் இயற்றப்பட்டது. துணை மருத்துவப் பணியாளருக்கு இரண்டாண்டுக்குக் குறையாமல், குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டுமென்பது அச்சட்டம்.

ஆகவே பெற்றோரே, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை? இதைக் கொண்டு எந்த மன்றத்தில் பதிவு செய்யலாம்? எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம் பயிற்சி? விடையை எழுத்தில் பெறுங்கள். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது விடையாகாது. அது மழுப்பல்.

உதவியாளர் பணியை விரும்பிக் கற்போர் அப்பெயரோடேயே கற்கட்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, உடல் துடைத்து, உணவூட்டும் கைகளுக்கு என்றும் மதிப்புண்டு. உதவியாளர் பயிற்சியைச் செவிலியர் படிப்பு என்று சொல்லி விற்பதே அநீதி.

நாம் சந்தித்த குடும்பத்தில் இளையவள் உயிரியல் படித்தவள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்ற விரும்புகிறாள். க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கு நேரில் சென்று, எந்தப் பட்டயப் படிப்பில் சேரலாம், எப்போது விண்ணப்பிக்கலாம் என்று விசாரிக்குமாறு கூறினோம். "நானும் உடன் போகிறேன், என்னென்ன கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும்" என்றாள் மூத்தவள்.