47-ஐயும் பாருங்கள், 48-ஐயும் பாருங்கள்

2022 மார்ச் மாதம் இலங்கையிலிருந்து வந்த ஒரு செய்தி எனக்கு இன்னும் மறக்கவில்லை. தாளும் மையும் கிடைக்காமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைத் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள். அதே மாதம் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. வெளிநாட்டில் தாள் வாங்க டாலர் இல்லை, அவ்வளவுதான்.

“நமக்கு அந்தக் கதி வராது. நாம் தாளை ஏற்றுமதி செய்கிற நாடு” என்றார் டீக்கடையில் ஒரு நண்பர். அவர் சொன்னது பாதி உண்மை.

சரக்கு வணிகத்தைக் கணக்கெடுக்க உலக நாடுகள் பெரும்பாலும் ஒரே சுங்க எண்வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் 48-ஆம் அத்தியாயம் தாளும் அட்டையும். அதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இலங்கை வாங்குகிற நாடு. நாம் எழுதும் தாளும் அட்டையும் விற்கிற நாடு. நெஞ்சை நிமிர்த்தலாம்.

ஆனால் ஒரு பக்கம் முன்னால் புரட்டினால் 47-ஆம் அத்தியாயம் வரும். அது மரக்கூழும் கழிவுத்தாளும். அங்கே நாமும் வாங்குகிறவர்கள்தான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கழித்துப் போட்ட தாள் கப்பலேறி நம் ஆலைகளுக்கு வருகிறது. பத்திரிகை அச்சிடும் காகிதத்திலும் பாதிக்கு மேல் இறக்குமதி. ரஷ்யாவும் கனடாவும் அதில் முக்கியமானவை. உக்ரைன் போர் தொடங்கியதும் நம் பத்திரிகைகளும் விலையேற்றத்தில் திணறின.

இலங்கையில் ஆலையே இல்லாமல் இல்லை. 1950களில் வாழைச்சேனையில் அரசே ஆலை கட்டி, வைக்கோலிலிருந்து தாள் செய்தது. பிறகு எம்பிலிப்பிட்டியிலும் ஒன்று வந்தது. போரும் நஷ்டமும் அவற்றை முடக்கின. டாலர் இருந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை.

நம் பக்கம் 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை, மாற்று எரிபொருளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்து வாங்கிக்கொண்டது. மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை செய்யும் ஆலையையும் 2016-இல் தொடங்கியது. எங்கள் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடும் பருவத்தில், சாலையில் வரிசை கட்டி நிற்கும் கரும்பு வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குச் சர்க்கரையோடு தாளும் நினைவுக்கு வருகிறது.

இறக்குமதியைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தடுத்தால் நோட்டு வாங்கும் ஏழைப் பிள்ளையின் தலையில்தான் விலை விடியும். மூலப்பொருளைக் கைவிடக் கூடாது என்பதே என் கட்சி. கரும்புக்குப் பணம் காலத்தில் வராவிட்டால் விவசாயி நெல்லுக்குப் போய்விடுவார். கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும்.

இன்னொன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பழைய நோட்டையும் அட்டைப்பெட்டியையும் சாம்பார் சாதத்தோடு ஒரே பையில் போட்டுக் குப்பையில் எறிகிறோம். நனைந்து நாறிய தாளை எந்த ஆலையும் விரும்பி வாங்காது. நம்முடையதை இப்படிக் கெடுத்துவிட்டு, அடுத்தவன் குப்பையைக் காசு கொடுத்து வரவழைக்கிறோம்.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில், ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தில்தான் வரைவு எழுதுவேன். கஞ்சன் என்று சிரித்தார்கள். தாள் இல்லாமல் தேர்வு நின்ற செய்தியைப் படித்த அன்று, அந்தப் பழக்கத்துக்காக நான் வெட்கப்படவில்லை.